பழைய டைனா காம்ப் பெடலை வாங்கும் முன்

1970களின் எம்.எக்ஸ்.ஆர். டைனா காம்ப் கம்ப்ரெஸர் பெடல் (கிட்டார் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும், காலால் இயக்கும் சிறு கருவி) ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், அது இரைவதாகவும், எல்.ஈ.டி. விளக்குகூட இல்லாததால் பழுதோ போலியோ என்று ஐயப்படுவதாகவும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து நிறுவனமான எம்.எக்ஸ்.ஆரின் தொடக்ககாலப் பெடல்களில் விளக்கும் கிடையாது, அடாப்டர் துளையும் கிடையாது. 9 வோல்ட் பேட்டரி மட்டுமே. இரைச்சலும் பிறவிக்குணம்தான்: ஓங்கிய ஒலியை அமுக்கும் இந்தச் சுற்று, ஸ்வரம் தேயத் தேயப் பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போவதால், அடியில் கிடந்த சலசலப்பும் கூடவே மேலேறுகிறது. அமுக்கத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சென்சிட்டிவிட்டி குமிழைக் குறைக்கும்போது அது தணிந்தால் கவலை வேண்டாம். குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் அழுக்குதான், சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

உண்மையான சோதனை காதுக்குத்தான். சென்சிட்டிவிட்டியை முழுதாக ஏற்றி, கிட்டாரின் தடித்த கம்பியை ஓங்கி மீட்டி, ஒலி அடங்கும்வரை கேளுங்கள். பெருக்கம் மெல்ல, சீராக மீள வேண்டும். 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்து அந்த வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஆண்டுகள் பலவாகி அந்த எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் வற்றிப்போயிருந்தால் மீட்சி அவசரப்பட்டு, தாழ்ந்த ஸ்வரங்கள் நடுங்கிக் கரகரக்கும். மாற்றுவது எளிது, செலவும் சொற்பம். மீட்டும் கணத்தில் ‘தொப்’ என்று ஓர் அடி கேட்டால், உள்ளிருக்கும் டிரிம்மரை (திருகி அளவை மாற்றும் சிறிய பாகம்) சரிசெய்ய வேண்டியிருக்கும். வாங்கும் முன் அதில் கைவைக்காதீர்கள்.

விற்பவர் சம்மதித்தால் அடித்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பேட்டரி கசிந்த பச்சைப் பூச்சு, பாகம் மாற்றியதைக் காட்டிக்கொடுக்கும் புதிதாக மின்னும் ஈயப்பற்று ஆகியவற்றைவிட முக்கியமானது, பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் சி.ஏ.3080 என்ற சிப். அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் எழுத்தை மாற்றி அச்சிட்ட போலிகளும் சந்தையில் உலவுகின்றன. குமிழ்களின் பின்புறக் குறியீடு 137 என்று தொடங்கினால் அது சி.டி.எஸ். நிறுவனத்தின் பாகம்; 1377633 என்பது 1976ஆம் ஆண்டின் 33ஆவது வாரத்தைக் குறிக்கும், ஆகவே அந்தப் பாகம் ஆதியிலிருந்தே இருப்பதானால் பெடல் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. கையெழுத்துப் பாணியில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள், பின்னாளில் அந்தப் பெயரை வாங்கிய டன்லப் நிறுவனம் அதே தோற்றத்தில் மறுபதிப்புகளை விற்றிருக்கிறது.

சிப் மாறியிருந்தும் ஒலி நன்றாக இருந்தால், சேகரிப்பாளர் விலை தராமல், வாசிப்பவர் விலைக்குக் கேளுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். வாங்கிய பின் வாசிக்காத நேரத்தில் இன்புட் வயரை உருவி வையுங்கள், பேட்டரிக்கு அதுவே ஸ்விட்ச்.