ஏன் எழுந்தீர்கள்? – அதிகாரம் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்குச் சமூக அறிவியல் அறிமுகப் பேப்பர் எடுக்கிறேன். 'சமூகமும் அதிகாரமும்' என்பதுதான் அதில் பெரிய பகுதி. செமஸ்டர் தொடங்கி மூன்றாவது வாரம் ஆனால் சந்தேகங்கள் வரிசை கட்டி வரும். இந்த முறை வந்த கேள்விகளை எடுத்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில் நீளம், சில ஒரே வரி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலாண்டு மாணவர்: மேடம், அதிகாரம் என்றால் அரசாங்கம், போலீஸ் என்றுதான் நினைத்திருந்தேன். புத்தகத்தில் குடும்பம், வகுப்பறை, நட்பு என்று எல்லா இடத்திலும் அதிகாரம் இருப்பதாக எழுதியிருக்கிறது. எல்லாமே அதிகாரம் என்றால் அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?

முதல் வகுப்பில் நான் ஒன்று செய்வேன். உள்ளே நுழைந்ததும், என் பெயரைக்கூடச் சொல்லாமல், "எல்லோரும் எழுந்து வேறு இடத்தில் போய் உட்காருங்கள்" என்பேன். அறுபது பேரும் எழுவார்கள். பையைத் தூக்குவார்கள், பெஞ்சு கிறீச்சிடும், இரண்டு நிமிஷத்தில் வகுப்பே இடம் மாறிவிடும். அப்புறம் கேட்பேன்: "ஏன் எழுந்தீர்கள்? நான் யாரென்றே உங்களுக்குத் தெரியாதே?" முதலில் சிரிப்பு, பிறகு அமைதி. நான் மிரட்டவில்லை, காசு கொடுக்கவில்லை. கரும்பலகைப் பக்கம் நின்றேன், கையில் வருகைப் பதிவேடு இருந்தது. அவ்வளவுதான்.

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1957-இல் கொடுத்த விளக்கம் இது: ஒருவர் தானாகச் செய்திருக்க மாட்டாத ஒன்றை இன்னொருவர் அவரைச் செய்யவைக்க முடிகிறது என்றால், எந்த அளவுக்கு முடிகிறதோ அந்த அளவுக்கு அவர்மேல் இவருக்கு அதிகாரம் உண்டு. ஆக, அதிகாரம் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல, இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற உறவு. அதே பதிவேட்டோடு நான் பேருந்து நிலையத்தில் நின்று "எழுந்திருங்கள்" என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள்.

எல்லாமே அதிகாரமா? இல்லை. தாகம் எடுத்துத் தண்ணீர் குடிப்பதில் அதிகாரம் இல்லை. எந்தத் தொட்டியில் யார் குடிக்கலாம் என்பதில் இருக்கிறது.

தமிழ் வழியில் படிக்கும் மாணவி: 'பவர்', 'அத்தாரிட்டி' இரண்டையும் அதிகாரம் என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். எப்படிப் பிரித்து எழுதுவது?

மொழிபெயர்த்தவரைத் திட்டாதீர்கள். சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் ஜெர்மனில் எழுதிய 'ஹெர்ஷாஃப்ட்' (ஆட்சி, ஆதிக்கம்) என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று அங்கேயும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

வேபர் சொல்வது: எதிர்ப்பு இருந்தாலும் தான் நினைத்ததை நடத்திக்கொள்ளும் வாய்ப்பு பவர். கீழ்ப்படிபவரே 'இவர் சொன்னால் கேட்பதுதான் முறை' என்று ஏற்றுக்கொண்டு கீழ்ப்படிந்தால் அது அத்தாரிட்டி. கத்தியைக் காட்டிப் பணப்பையைப் பிடுங்குபவனிடம் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. வரி அதிகாரியிடம் இரண்டும் உண்டு. நான் முதலாவதை 'அதிகாரம்' என்றும் இரண்டாவதை 'ஏற்புடைய அதிகாரம்' என்றும் எழுதச் சொல்வேன். ஏற்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர் காட்டிய மூன்று வழிகளும் தெரிந்திருக்க வேண்டும்: வழிவழியாக வந்த மரபு, தலைவர் ஒருவரின் தனிப்பட்ட ஈர்ப்பு, எழுதிவைத்த சட்டவிதி.

சொல் பஞ்சம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 'செல்வாக்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுகிற வாக்கு. யார் பேச்சு செல்லுபடியாகும், யார் பேச்சு காற்றோடு போகும் என்ற முழுப் பாடமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

வணிகவியல் மாணவர்: எங்களுக்கு எதற்கு இந்தப் பேப்பர்?

பேலன்ஸ் ஷீட்டில் வராத வரிகளைப் படிப்பதற்கு. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் சொன்ன உதாரணம் உங்களுக்குப் பிடிக்கும். ஒரு லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அவருடைய திறமையை, குணத்தை, வாய்ப்புகளைப் பார்க்கலாம். 5 கோடி பேர் உழைக்கும் நாட்டில் 1.5 கோடி பேருக்கு வேலை இல்லை என்றால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "நீ ஏன் ஒழுங்காகத் தேடவில்லை?" என்று கேட்பதில் பொருள் இல்லை. வாய்ப்புகளைத் தருகிற அமைப்பே சரிந்திருக்கிறது என்கிறார். எது என் சொந்தக் கஷ்டம், எது பொதுப் பிரச்சினை என்று பிரிக்கத் தெரிந்தால் போதும், இந்தப் பேப்பரில் பாதி முடிந்தது.

இரண்டாம் முறை எழுதப்போகும் மாணவர்: பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் ஸ்டீவன் லூக்ஸ் சொல்லும் அதிகாரத்தின் மூன்று பரிமாணங்களை மனப்பாடம் செய்து எழுதியும் மதிப்பெண் வரவில்லை. புரியும்படி சொல்ல முடியுமா?

மனப்பாடம் செய்ததால்தான் வரவில்லை.

முதல் பரிமாணம் கண்ணுக்குத் தெரியும் சண்டை. ஒரு பிரச்சினை மேடைக்கு வருகிறது, இரண்டு தரப்பு மோதுகிறது, ஒருவர் ஜெயிக்கிறார். டால் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தை ஆராய்ந்து 1961-இல் வெளியிட்டது இந்த முறையில்தான். எல்லா விஷயத்திலும் ஒரே கும்பல் ஜெயிக்கவில்லை, துறைக்குத் துறை ஆள் மாறுகிறது என்பது அவர் முடிவு.

பீட்டர் பக்ராக், மார்ட்டன் பரட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1962-இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: சரி, மேடைக்கே வராத பிரச்சினைகளை என்ன செய்வது? அதுதான் இரண்டாவது. விவாதப் பட்டியலில் எது ஏறும், எது ஏறாது என்பதைக் கையில் வைத்திருப்பவருக்கு வாக்கெடுப்பில் ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு மேத்யூ கிரென்சன் 1971-இல் வெளியிட்ட ஆய்வை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கேரி, ஈஸ்ட் சிகாகோ என்று இரண்டு நகரங்கள். பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டும் எஃகு ஆலை நகரங்கள், இரண்டிலும் ஒரே புகை. ஈஸ்ட் சிகாகோ 1949-இல் காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. கேரி கொண்டுவந்தது 1962-இல். நடுவில் 13 வருஷம். கேரியில் எஃகு ஆலை நடத்திய யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் சட்டத்தைத் தோற்கடித்ததா? இல்லை, எதிர்த்துப் பெரிதாகப் பேசக்கூட இல்லை. ஊரைக் கட்டியதே யு.எஸ். ஸ்டீல்தான், ஊரே அந்த ஒரு நிறுவனத்தை நம்பி இருந்தது. அது என்ன நினைக்குமோ என்ற எண்ணமே புகையைப் பற்றிப் பேச்சு எழாமல் பார்த்துக்கொண்டது. ஈஸ்ட் சிகாகோவிலோ பல நிறுவனங்கள். கேரி நகரசபையின் பழைய கூட்டக் குறிப்புகளில் 'நிறுவனம் வென்றது' என்று ஒரு வரி தேடினால் கிடைக்காது. வாக்கெடுப்பே நடக்காத இடத்தில் வெற்றி எப்படிப் பதிவாகும்?

மூன்றாவதை லூக்ஸ் 1974-இல் சேர்த்தார். மேடைக்கு வராதது மட்டுமல்ல, மனத்திலேயே தோன்றாமல் செய்வது. குறை இருப்பதாகவே மக்களுக்குத் தோன்றாதபடி அவர்கள் விருப்பத்தையே வடிவமைப்பது.

நீங்கள் மதிப்பெண் இழந்த இடம் இதற்கு அடுத்ததாக இருக்கும். மூன்றாவது பரிமாணத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதன்மேல் வருகிற விமர்சனத்தையும் எழுதுங்கள்: ஒருவருடைய 'உண்மையான' நலன் எது என்று தீர்மானிக்க ஆய்வாளர் யார்? "உனக்கு எது நல்லது என்று உனக்கே தெரியவில்லை" என்பது ஆதிக்கம் செய்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வசனம். எனக்கு மூன்றாவது பரிமாணத்தின்மேல் மதிப்பு உண்டு. ஆனால் அதை முதல் ஆயுதமாக எடுப்பவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பயம்.

உளவியல் மாணவி: மில்கிராம் சோதனையும் ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனையும் 'மனிதன் இயல்பிலேயே அடிமை' என்று நிரூபிப்பதாக எழுதலாமா?

எழுதக் கூடாது. ஸ்டான்ஃபோர்டை முதலில் ஒதுக்கிவிடுவோம். மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்துப் போலிச் சிறையில் நடிக்கவைத்து, 1971-இல் இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு 6 நாளில் நிறுத்தப்பட்ட சோதனை அது. காவலர் வேடமிட்டவர்கள் தாமாகவே கொடூரமானார்கள் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். கடுமையாக நடந்துகொள்ளச் சொல்லி அவர்களுக்கு அறிவுறுத்தல் போயிருந்தது என்பதைப் பின்னால் ஆவணங்கள் காட்டின.

மில்கிராம் வேறு. உத்தரவு வந்தால் மனிதர் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார் என்று பார்த்த உளவியல் அறிஞர் அவர். 1961-இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். மேஜைமேல் 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை 30 சுவிட்சுகள். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம், சோதனைக்கு வந்தவர் அவருக்கு ஷாக் கொடுக்க ஒரு சுவிட்ச் மேலே போக வேண்டும். உண்மையில் யாருக்கும் ஷாக் அடிக்காது, ஆனால் அழுத்துபவருக்கு அது தெரியாது. 300 வோல்ட்டில் சுவரைக் குத்தும் சத்தம் கேட்கும். இன்னும் கொஞ்சம் மேலே போனால் அதுவும் நின்றுவிடும். "தொடருங்கள்" என்று ஆய்வாளர் அமைதியாகச் சொல்வார். 1963-இல் வெளியான முதல் கட்டுரையின்படி 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள்.

எல்லோரும் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அடுத்தடுத்து அவர் செய்த மாற்றங்களில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த இருவர் "இனி முடியாது" என்று விலகும்படி ஏற்பாடு செய்தபோது கடைசி வரை போனவர்கள் 40-க்கு 4 பேர்தான். இரண்டு ஆய்வாளர்கள் எதிரெதிராக உத்தரவிட்டபோது ஒருவர்கூடப் போகவில்லை. அடிமைத்தனம் இயல்பு என்றால் பக்கத்து நாற்காலிக்காரர் மாறினவுடன் அது ஏன் இப்படிக் கரைய வேண்டும்? சிலர் 'இது நாடகம்' என்று சந்தேகப்பட்டிருக்கலாம் என்ற விமர்சனமும் உண்டு, அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு மாணவர்: மார்க்ஸ் சரியா, வேபர் சரியா?

கிரிக்கெட் மேட்ச் அல்ல. உழைக்கும் கருவிகள் யார் கையில் என்று மார்க்ஸ் கேட்கிறார். தொழிலாளி யாரிடம் வேலைக்குப் போவது என்பதில் சுதந்திரமானவர், வேலைக்கே போகாமல் இருப்பதில் சுதந்திரம் இல்லாதவர். வேபர் இதை மறுக்கவில்லை. சொத்தோடு சமூக மதிப்பையும் அமைப்புப் பலத்தையும் தனித்தனியாகப் பாருங்கள் என்கிறார். பணம் குவிந்தும் மதிப்புக் கிடைக்காதவர் உண்டு. சொத்தே இல்லாமல் ஒரு கையெழுத்தால் ஊரைக் காக்கவைப்பவரும் உண்டு.

இலக்கிய மாணவி: ஃபூக்கோவை மூன்று முறை படித்தேன். ஒன்றும் ஏறவில்லை.

மூன்று முறைதானே! இந்தப் பிரெஞ்சுச் சிந்தனையாளரைக் கேமராவிலிருந்து தொடங்குங்கள். சுவரில் ஒரு கேமரா. அது ஓடுகிறதா, யாராவது பார்க்கிறார்களா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் அதன் கீழே போகும்போது சட்டையைச் சரிசெய்துகொள்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம் வரைந்த சிறைத் திட்டம் இந்தத் தத்துவத்தில்தான் நின்றது: நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள், கைதிக்குக் கோபுரத்தில் ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. அதனால் தனக்குத் தானே காவலாகிவிடுவார். ஃபூக்கோ 1975-இல் இதைப் பள்ளி, படைமுகாம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் நீட்டிப் பார்த்தார். அதிகாரம் 'செய்யாதே' என்று மட்டும் சொல்வதில்லை, மனிதர்களை ஒருவிதமாக உருவாக்கவும் செய்கிறது என்பதுதான் அவர் புதிதாகச் சொன்னது. இதோடு நான்காவது முறை படியுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒருவர்: அப்படியென்றால் கீழே இருப்பவர்களுக்கு வழியே இல்லையா? படிக்கப் படிக்கச் சோர்வாக இருக்கிறது.

இந்தச் சோர்வு பாடத்திட்டத்தின் குற்றம். மேலிருந்தே பார்த்தால் அப்படித்தான் தெரியும். அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1970-களின் இறுதியில் மலேசியாவின் கெடா மாநிலத்தில் ஒரு நெல் விளையும் கிராமத்தில் தங்கி ஆராய்ந்தார். அறுவடை இயந்திரம் வந்து ஏழைகளின் வேலையைப் பறித்த சமயம். ஊர்வலம் இல்லை, கலகம் இல்லை. ஆனால் வேலையை இழுத்தடிப்பது, காதில் விழாத மாதிரி இருப்பது, கொஞ்சம் நெல்லை ஒதுக்கிக்கொள்வது, பணக்காரரின் கருமித்தனத்தைப் பற்றிப் புறம் பேசியே அவர் பெயரைக் கெடுப்பது எல்லாம் நடந்தது. 1985-இல் அவர் இதை எதிர்ப்பு என்றே பெயரிட்டு எழுதினார். இதனால் ஏதாவது மாறியதா என்று கேட்பவர்களும் உண்டு, நியாயமான கேள்வி. இயந்திரம் நிற்கவில்லை. ஆனால் தலையாட்டியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று இனி யாரும் எளிதாக எழுதிவிட முடியாது.

முதலாண்டு மாணவர்: கள ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்? பெரிய ஆட்களைப் பார்க்க எங்களுக்கு அனுமதி கிடைக்காது.

அனுமதியோடு ஏதாவது ஒரு கூட்டத்தில் மூலையில் உட்காருங்கள். மாணவர் மன்றம், சங்கம், எதுவானாலும் சரி. நோட்டில் கட்டம் போடுங்கள்: யார் எத்தனை முறை பேசினார், யார் பேச்சு பாதியில் வெட்டப்பட்டது, யார் வெட்டினார். கடைசிக் கட்டம் முக்கியம்: ஒருவர் சொன்னபோது கவனிக்கப்படாத யோசனை, பத்து நிமிஷம் கழித்து இன்னொருவர் சொன்னதும் 'நல்ல யோசனை' ஆனது எத்தனை முறை? வெளியே வந்த பிறகு, பேசாதவர்களிடம் எதைப் பேச நினைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில்களைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலோடு வைத்துப் பார்த்தால் இரண்டாம் பரிமாணம் உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

ஒரு மாணவியின் அம்மா: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

இந்த ஒரு பேப்பரால் மட்டும் கிடைக்காதம்மா. எந்தப் பேப்பராலும் அப்படித்தான்.

பெயர் சொல்லாத ஒருவர்: அதிகாரம் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். இன்டர்னல் மதிப்பெண் உங்கள் கையில்தானே இருக்கிறது?

என் கையில்தான். பெயரை எழுதாமல் கேட்டிருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது. "வகுப்பில் எல்லோரும் சமம், தயங்காமல் பேசுங்கள்" என்று சொல்லும் ஆசிரியர்களை நான் நம்புவதில்லை. சமம் என்று சொல்லிவிட்டு மதிப்பெண் பட்டியலை மேஜைக்குள் வைத்திருப்பது, வெளிப்படையாக வைத்திருப்பதைவிட மோசம். அதனால் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முதல் வாரமே பலகையில் எழுதிவிடுகிறேன். குறைத்திருந்தால் என்னிடம் காரணம் கேட்கலாம்.

இதில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. இடம் மாறி உட்காரச் சொல்லும் அந்த விளையாட்டில் ஒரு வருஷம் ஒரு மாணவி மட்டும் எழவில்லை. "எதற்கு மேடம்?" என்றாள். நான் இத்தனை வருஷமாகக் காத்திருந்த கேள்வி. ஆனால் எனக்கு முதலில் வந்தது எரிச்சல். முகத்திலும் தெரிந்திருக்கும், முன் பெஞ்சு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

அதே நபர்: அவள் கடைசியில் எழுந்தாளா?

எழுந்தாள். எதற்கு என்று நான் சொன்ன பிறகு.