பிறில் வைத்த சட்டை என்றால் என்ன? ரேந்தைச் சட்டையும் அதுவும் ஒன்றா?

கிளிநொச்சியில் மகளின் பிறந்தநாள் சட்டையைத் தைக்கக் கொடுத்த இடத்தில் “பிறில் வைக்கவா, ரேந்தை வைக்கவா?” என்று கேட்டார்களாம். அதுதான் உங்கள் கேள்வி.

இரண்டும் வேறு. ரேந்தை, துளைகளும் பூ வேலையுமாகப் பின்னிய கரை. கடையில் வாங்கி அப்படியே வைத்துத் தைக்கலாம். பிறில் துணியிலேயே உண்டாவது. நீளமான துண்டு ஒன்றின் ஒரு விளிம்பில் நூலோட்டி, இழுத்துச் சுருக்கி, அந்தப் பக்கத்தை மட்டும் சட்டையோடு தைப்பார்கள். மறுபக்கம் அலை அலையாக விரிந்து நிற்கும். கழுத்திலோ கையிலோ கீழ் விளிம்பிலோ இப்படி இருந்தால் அது பிறில் சட்டை. தலையணை உறைக்கும் திரைச்சீலைக்கும்கூட இப்படிச் சொல்லலாம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் அழுத்தித் தைத்த மடிப்பு பிறில் ஆகாது.

துணிதான் கூடுதலாகப் பிடிக்கும். சட்டையின் கீழ்ச் சுற்று 40 அங்குலம் என்றால், பருத்தியில் 60 முதல் 80 அங்குலத் துண்டு வேண்டும். சிஃபொன் போல மெல்லிய துணிக்கு 100க்கு மேலும் போகும். இதில் சிக்கனம் பார்த்தால் அலை எழும்பாது, துணி சுருங்கிப்போன மாதிரித்தான் தெரியும்.

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கும் அதே சட்டையைப் போடுவதென்றால், வன்னி வெயிலில் நைலோன் வலைப் பிறிலைக் கழுத்தில் வைக்காதீர்கள், பிள்ளைக்குக் கடிக்கும். பருத்திப் பிறிலைக் கீழ் விளிம்பில் மட்டும் வையுங்கள். அகலம் எத்தனை அங்குலம், ஒரு வரிசையா இரண்டா என்பதையும் அளவு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.