ஒருவர் படிக்கப் பணம் இருக்கிறது, சரி. யார் அந்த ஒருவர்?

கேள்வி: எனக்கு வயது 33. பட்டப்படிப்பு முடித்த நாளிலிருந்து ஜிஐஎஸ் (கணினியில் வரைபடமும் இடத் தகவலும் கையாளும் முறை) வேலைதான். குழாய்த்தடம், சாலை, மனைப்பிரிவு என்று லேயர் லேயராக வரைபடம் போட்டுக் கொடுப்பேன். இப்போது பதவி உயர்வு என்றாலே பைத்தான் நிரல்மொழி தெரியுமா, மெஷின் லேர்னிங் தெரியுமா என்று கேட்கிறார்கள். அதனால் இடஞ்சார் தரவு அறிவியலில் (இடம் குறித்த தரவுகளை ஆராயும் படிப்பு) முதுகலை சேர முடிவு செய்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர்வதா, ஆன்லைனில் பகுதிநேரமாகப் படிப்பதா? இந்த வயதில் சரிவருமா? ஏஐ வந்துவிட்ட பிறகு இந்தப் பட்டத்துக்கு மதிப்பு இருக்குமா? கணக்கில் நான் கொஞ்சம் சுமார். அதைப்பற்றிக் கவலை இல்லை. என் மனைவி புள்ளியியலில் முதுகலை முடித்தவள், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டாள், புரியாததை அவளிடம் கேட்டுக்கொள்வேன். குழந்தைக்கு நான்கு வயது. ஒருவர் படிக்கும் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது.

பதில்: தம்பி, "வேலையில் தேங்கிவிட்டேன், மேலே படிக்கலாமா" என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஏஐயைக் கண்டு பயப்படாதீர்கள் என்று நான் தொடங்குவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் பிறகு. போகிற போக்கில் மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் சேமிப்புக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போகவே இல்லை.

உங்கள் வீட்டில் புள்ளியியலில் முதுகலை படித்த ஒருவர் இருக்கிறார். நீங்கள் சேரப்போகும் படிப்பின் முதுகெலும்பே புள்ளியியல்தான். அவரை அலமாரியில் இருக்கும் அகராதி மாதிரி, தேவைப்பட்டால் எடுத்துப் பார்த்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று எழுதும்போது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

இந்தப் படிப்பு என்ன என்று தெரிந்திருந்தால் தோன்றியிருக்கும். ஜிஐஎஸ்ஸோடு பைத்தானைச் சேர்த்தால் இடஞ்சார் தரவு அறிவியல் ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள். பைத்தான் அதில் சுலபமான பகுதி. ஒழுங்காக உட்கார்ந்தால் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். ஜியோபாண்டாஸ், போஸ்ட்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ் என்று இதற்கான மென்பொருள்கள் எல்லாமே இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் காசில்லாமல் கிடைக்கின்றன. சென்டினல்-2 செயற்கைக்கோள் கொடுக்கும் 10 மீட்டர் துல்லியப் படங்களுக்கும் காசு கிடையாது. கருவிக்கும் தரவுக்கும் யாரும் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதில்லை.

போக வேண்டியது வேறொன்றுக்காக. சாதாரணப் புள்ளியியலில் ஒரு பதிவு இன்னொரு பதிவைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். நிலத்தின் மேல் அது செல்லாது. ஒரு மனையின் விலை பக்கத்து மனையின் விலையை இழுக்கும். ஒரு தெருவில் காய்ச்சல் என்றால் அடுத்த தெருவும் தப்பாது. அருகில் இருப்பவை தூரத்தில் இருப்பவற்றைவிட அதிகம் தொடர்புடையவை என்பதை வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் 1970இல் ஒரு விதியாகவே சொன்னார். அந்தத் தொடர்பை அளக்கும் வழியை அதற்கு 20 வருடம் முன்பே பேட்ரிக் மோரன் என்ற புள்ளியியலாளர் கொடுத்துவிட்டார். இதைக் கண்டுகொள்ளாமல் கணக்குப் போட்டால், ஆயிரம் பதிவுகள் கையில் இருப்பதாக நினைப்பீர்கள், உண்மையில் அதில் பாதி பக்கத்துவீட்டுக்காரர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். இல்லாத தொடர்பு இருப்பதாக அறிக்கை போகும்.

மெஷின் லேர்னிங்கிலும் இதே கதைதான். தரவைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியில் பயிற்சி, மறு பகுதியில் சோதனை என்று வைப்பார்கள். சோதனைப் புள்ளி பயிற்சிப் புள்ளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால், மாடல் பக்கத்தைப் பார்த்து எழுதி நல்ல மார்க் வாங்கிவிடும். அதையே புதிய பகுதிக்குக் கொண்டுபோனால் திணறும். அதனால்தான் இந்தத் துறையில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சோதிப்பார்கள்.

இன்னொன்று, எல்லைக் கோடு. ஓபன்ஷா, டெய்லர் என்ற இருவர் 1979இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் 99 கவுன்ட்டிகளை (நம்மூர் மாவட்டம் மாதிரி) எடுத்துக்கொண்டு, குடியரசுக் கட்சியின் வாக்குக்கும் அங்கிருக்கும் முதியவர்களின் விகிதத்துக்கும் உள்ள ஒட்டுறவை, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்ணைப் பார்த்தார்கள். கவுன்ட்டிகளை விதவிதமாகச் சேர்த்துப் பெரிய வட்டாரங்களாக்கியபோது, அந்த எண் கிட்டத்தட்ட -1 முதல் +1 வரை எங்கு வேண்டுமானாலும் போனது. தரவு அதேதான். கோடு மட்டும்தான் நகர்ந்தது. எந்த எல்லைக்குள் எண்ணி இந்த முடிவுக்கு வந்தாய் என்று கேட்கத் தெரியாதவர் எத்தனை அழகாக வரைபடம் போட்டாலும் எனக்கு நம்பிக்கை வராது. அந்த வரைபடத்தை வைத்து ஓர் இடத்துக்குத் தண்ணீர் போகும், இன்னோர் இடத்துக்குப் போகாது. இது விளையாட்டு இல்லை.

"கணக்கில் கொஞ்சம் சுமார்" என்று நீங்கள் ஒதுக்கியது இதைத்தான். உங்கள் மனைவியிடம் போய், பதிவுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். திட்டப்பிழை (முடிவு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்று காட்டும் அளவு) தப்பாக வரும் என்று நின்ற இடத்திலேயே சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர உங்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடிக்கலாம்.

உங்கள் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. தீர்க்கரேகையின் ஒரு டிகிரி நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர், 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதிதான் என்பது உங்களுக்குக் கைப்பழக்கம். புத்தகத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் டிகிரியிலேயே தூரம் அளந்து, அந்தத் தப்போடு கடைசி வரை போய்விடுவார்கள். ஒரே குழாய் இரண்டு தடவை வரையப்பட்டிருப்பது, கோடுகள் முனையில் சேராமல் விட்டுப்போனது, ஒரு லேயர் பழைய ஆள்கூற்று முறையில் இருப்பது, இதெல்லாம் உங்கள் கண்ணில் படும். உங்கள் மனைவி கண்ணில் படாது. இந்தத் துறைக்கு இரண்டு வகை ஆட்களும் வேண்டும்.

டேனி கிரிக் என்று ஒரு சுரங்கப் பொறியாளர் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். சில இடங்களில் எடுத்த மாதிரிகளை மட்டும் வைத்து, நடுவில் தோண்டாத இடத்தில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிக்கும் வழியை 1951இல் தன் முதுகலை ஆய்வேட்டில் எழுதினார். அவருக்கு மண் தெரியும். பிறகு ஜார்ஜ் மாத்தெரோன் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் அதற்கு முழுக் கோட்பாட்டையும் கட்டி, கிரிக்கின் பெயரையே அந்த முறைக்கு வைத்தார். இன்றும் கிரிகிங் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பின்னால் வந்தவர் முன்னால் நின்றவரின் பெயரை மறைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். "புரியாததை அவளிடம் கேட்டுக்கொள்வேன்" என்கிறீர்களே, எப்போது கேட்பீர்கள்? நாலு வயதுக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அவர் உட்காரும் நேரத்தில்தானே? அப்போது நீங்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மறுநாள் தரவேண்டிய அசைன்மென்ட்டைக் காட்டுவீர்கள். முதல் மாதம் விளக்குவார். நாலாவது மாதம், விளக்கிக்கொண்டிருப்பதைவிடத் தானே போட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஆகிவிடும். பட்டத்தில் உங்கள் பெயர் இருக்கும். அது பல்கலைக்கழகத்தை ஏமாற்றுவது என்பது ஒரு பக்கம். வீட்டுக்குள் அதைவிட மோசமான ஒன்று நடந்திருக்கும். தான் படித்த படிப்பு தனக்கு உதவாமல் போய், இன்னொருவர் மேலே ஏற உதவுவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்களோ நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போவீர்கள்.

அவர் வேலையை விட்டதை நான் தப்பு என்று சொல்லவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் கொஞ்சம் பின்வாங்க வேண்டிவரும். அது குடும்பத்தின் கடமை, நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு தடவை பின்வாங்கியவருக்கே அடுத்த முறையும், அதற்கடுத்த முறையும் அந்த இடம் என்று ஆக்கிவிடக் கூடாது. இந்த நாலு வருடமும் உங்கள் அனுபவம் கூடிக்கொண்டே போனதற்கு அவர் வீட்டில் இருந்ததும் காரணம். ஆகவே அந்தச் சேமிப்பு இரண்டு பேருடையது. அதில் ஒருவர் படிக்கலாம் என்றால், அந்த ஒருவர் யார் என்ற கேள்வி அவர் முன்னால் கேட்கப்பட்டதா? கடிதத்தில் அதற்கு அறிகுறியே இல்லை. நீங்கள் கெட்ட மனிதர் என்று நினைக்கவில்லை. கேட்கத் தோன்றாத மனிதர். மனைவிக்கு இந்த இரண்டும் பெரிய வித்தியாசமாகத் தெரியாது.

இனி நீங்கள் கேட்டவை. 33 ஒரு வயதே இல்லை. ஏஐ நிரல் எழுதித் தரும், அதனால் நிரல் மட்டுமே தெரிந்தவருக்குச் சிரமம்தான். எல்லைக் கோடு சரியா, சோதனை நேர்மையாக நடந்ததா என்று கேட்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். ஆன்லைனா நேரிலா என்பதைவிட, கட்டாயப் பாடங்களின் பட்டியலைப் பாருங்கள். இடஞ்சார் புள்ளியியல், தரவுத்தளம், நிரலாக்கம், சொந்தமாக ஒரு பெரிய புராஜெக்ட், இவை நாலும் கட்டாயமாக இருக்க வேண்டும். படிப்பின் பெயரில் தரவு அறிவியல் என்று போட்டுவிட்டு, உள்ளே ஒரே மென்பொருளின் பொத்தான்களைச் சொல்லிக்கொடுத்தால், அதை நீங்கள் எட்டு மணி நேர வேலையிலேயே செய்துகொண்டிருக்கிறீர்கள், காசு கட்டிச் செய்ய வேண்டாம். குழந்தை சின்னதாக இருக்கும்போது இருக்கிற ஒரே சம்பளத்தையும் விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். நீங்கள் படிப்பதாக இருந்தால் பகுதிநேரம்தான்.

விண்ணப்பத்தை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். பாடத்திட்டத்தை அச்சடித்து மனைவி கையில் கொடுங்கள். எனக்கு உதவுவாயா என்று கேட்டு அல்ல, இதைப் படிக்க உனக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்டு. "நீங்களே படிங்க, எனக்கெதுக்கு" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் பதில். அதைப் பிடித்துக்கொண்டு அப்பாடா என்று எழுந்துவிடாதீர்கள். குழந்தையை யார் பார்ப்பது, இத்தனை வருடம் விட்டுப்போயிற்றே, இதெல்லாம் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும். எந்த நாட்களில், எந்த நேரத்தில் குழந்தையும் அடுப்பும் உங்கள் பொறுப்பு என்று எழுதி வைத்துவிட்டு, மறுபடி கேளுங்கள். எழுதியதை அன்றைக்கே செய்ய ஆரம்பியுங்கள், அவர் பதில் சொல்வதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அதோடு, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். பொதுவில் கிடைக்கும் தரவாக இருக்கட்டும், அலுவலகத் தரவை அனுமதி இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் இருந்து சாலைகளையும் கட்டடங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள், சென்டினல் படத்தில் பசுமையைக் கணக்கிடுங்கள், எந்தப் பகுதியில் மரங்கள் குறைவு, அந்தக் குறைவு பக்கத்துப் பகுதிகளிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். தரவைச் சுத்தம் செய்வது நீங்கள், மாடல் போடுவது அவர். முடிந்ததும் யாருக்கு இது பிடித்தது, யார் ராத்திரி தூக்கம் போனதும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார் என்று உங்களுக்கே தெரியும்.

அவருக்கு ஆசை இருந்தால் முதலில் அவர் சேரட்டும். புள்ளியியல் அடித்தளத்தோடு வருபவரைப் பல இடங்களில் விரும்பி எடுப்பார்கள், ஜிஐஎஸ் பக்கத்தை உங்களிடமே கற்றுக்கொள்ளலாம். உங்களுக்கு உடனே தேவைப்படுவது பைத்தானும் தரவுத்தளமும்தான், அதைக் குறுகிய கால வகுப்புகளில் படித்துப் பதவி உயர்வுக்குக் கேளுங்கள். அவர் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு உங்கள் முறை.

அவர் உண்மையாகவே வேண்டாம் என்றால், வேறு ஏதாவது செய்ய விரும்புகிறாரா என்று கேட்டு, சேமிப்பில் அதற்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியில் நீங்கள் சேருங்கள். சேர்வதற்கு முன் ஆறு மாதம் நிகழ்தகவு, அணிகள், ரிக்ரெஷன் மூன்றையும் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். சந்தேகம் வந்தால் பேராசிரியரிடம் கேளுங்கள், உடன் படிப்பவர்களிடம் கேளுங்கள். இரவில் மனைவியிடம் கேட்காதீர்கள். அவராக விரும்பி வந்து உட்கார்ந்தால் அது வேறு.