1/700 பிஸ்மார்க்: ரெயிலிங்கும் கம்பிகளும் எப்போது, எந்தப் பசையால் ஒட்டப்பட வேண்டும்?

வாசகர் ஒருவர் ஜெர்மானியப் போர்க்கப்பலான பிஸ்மார்க்கை 1/700 அளவில், அதாவது அசலில் எழுநூறில் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். ஃபோட்டோ எட்ச் (அமிலத்தால் அரித்து உருவாக்கிய மெல்லிய தகடு) பித்தளை ரெயிலிங் ஒட்டும்போது நெளிந்துவிடுவதாகவும், சூப்பர் க்ளூவைச் சுற்றி வெண்படலம் படிவதாகவும், பாய்மரங்களுக்கிடையே கட்டிய நூல் தாம்புக் கயிறுபோலத் தெரிவதாகவும் எழுதியிருக்கிறார். ஹூட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுடன் மோதிய நாளில் இருந்த தோற்றத்தையே செய்ய விரும்புவதாகவும், பக்கங்களில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைத் தீட்டப்போவதாகவும் சொல்லியிருக்கிறார்.

பட்டைகளை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனெனில் வண்ணம் அடித்த பிறகு திருத்துவது கடினம். பால்டிக் கடலில் இருந்த காலத்துக்குரிய அந்தப் பட்டைகள், கப்பல் நார்வேயில் பெர்கன் அருகே நங்கூரமிட்டிருந்த 1941 மே 21 அன்று சாம்பல் நிறத்தால் மறைக்கப்பட்டன. ஹூட் மூழ்கியதோ மே 24 அன்று. ஆகவே பட்டைகள் வேண்டுமானால் பால்டிக் காலம், போர் வேண்டுமானால் சாம்பல் பக்கங்கள் என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் கலந்த மாடல் எந்த நாளுக்கும் உரியதாக இராது. முன்கோடியிலுள்ள, ஆன்டன் எனப்படும் பீரங்கிக் கோபுரத்தின் தொலைவுமானியையும் பாருங்கள்: கடல்நீர் அடித்துத் தொல்லை கொடுத்ததால், கப்பல் அட்லாண்டிக் புறப்படுவதற்கு முன்பே அது அகற்றப்பட்டிருந்தது. கிட்டில் (மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டியில்) அந்தப் பாகம் வந்திருந்தால் ஒட்ட வேண்டியதில்லை.

இனி நூலும் ரெயிலிங்கும். 251 மீட்டர் நீளமுள்ள இக்கப்பல் உங்கள் மேசையில் சுமார் 36 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள ரெயிலிங் 1.4 மில்லிமீட்டராகிறது. ஆனால் பித்தளைத் தகடு அதே விகிதத்தில் மெலிவதில்லை. 0.1 மில்லிமீட்டர் தகடு இந்த அளவில் 7 சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்பைக் குறிக்கிறது, 0.2 மில்லிமீட்டர் நூல் 14 சென்டிமீட்டர் தடிமனுள்ள வடம் என்றாகும். நூல் கயிறாகத் தெரிவதற்குக் காரணம் உங்கள் கைத்திறன் அன்று, இந்தக் கணக்குத்தான். எனவே மெல்லிய பொருளைத் தேடுங்கள், அப்படியும் குறைவாகவே கட்டுங்கள். வானொலி ஆண்டெனாக்களில் முக்கியமானவற்றை மட்டும் கட்டிவிட்டு, கண்ணுக்குப் புலப்படாத சிறு வடங்களை விட்டுவிடுவதே இந்த அளவுக்குப் பொருந்தும் என்பது என் தீர்ப்பு. எல்லாவற்றையும் கட்டி முடித்தவர்களின் மாடல்கள் பெரும்பாலும் சிலந்தி வலைக்குள் அகப்பட்டவைபோலத்தான் காட்சி தருகின்றன.

நூலுக்கு இரண்டு வழிகள் உண்டு. மாடல் கட்டுவோருக்கென்றே விற்கப்படும் எலாஸ்டிக் நூல் கைபட்டாலும் அறுந்துவிடாமல் பழைய இறுக்கத்துக்கே திரும்பிவிடும். ஆனால் அதை மிகையாக இழுத்து ஒட்டினால் மெல்லிய பாய்மரம் வளைந்துவிடும், ஆகவே தொய்வு நீங்கும் அளவுக்கு மட்டும் இழுக்கவும். மற்றது செலவில்லாதது: கிட்டில் மிஞ்சிய ஸ்ப்ரூ (பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே சுழற்றிக்கொண்டே பிடித்து, நடுப்பகுதி பளபளத்துத் தொய்யத் தொடங்கியதும் சுடரைவிட்டு விலக்கி இரு முனைகளையும் இழுத்தால் முடியளவு இழை கிடைக்கும். வேகமாக இழுத்தால் மெலியும், மெதுவாக இழுத்தால் தடிக்கும். ஒட்டிய பின் சிறிது தொய்ந்திருந்தால், சூடான சால்டரிங் அயர்னின் நுனியை இழையில் படாமல் சற்றுத் தள்ளிக் கொண்டுபோங்கள். இழை தானாகச் சுருங்கி விறைத்துக்கொள்ளும். இன்னும் அருகில் போனால் அறுந்துவிடும் என்பதால் இதை முதலில் வீணான துண்டில் பழகிப் பாருங்கள்.

ரெயிலிங் நெளிவது பெரும்பாலும் வெட்டும்போதே நிகழ்கிறது. ரப்பர் பாய்மேல் வைத்து வெட்டினால் கத்தி அழுந்தும் இடத்தில் தகடும் கீழே மடிகிறது. கண்ணாடித் துண்டின் மேலோ வழவழப்பான ஓட்டின் மேலோ வைத்து, புதிய பிளேடால் மேலிருந்து நேராக அழுத்தி வெட்டுங்கள். பித்தளையை வெட்டுவதற்கு முன், சட்டத்தில் இருக்கும்போதே ப்ரைமரும் (அடிப்பூச்சு) நிறமும் அடித்துவிடுவது நல்லது. முன்தளத்தின் வளைவுக்கு ஏற்ப, வட்டமான தூரிகைக் காம்பின் மேல் உருட்டி வளைவை முதலிலேயே கொடுங்கள். நேரான துண்டை ஒட்டும்போது வளைக்க முயன்றால் மறுமுனை எழும்பிவிடும். ஒரே நீளமாக ஒட்டாமல் குறுந்துண்டுகளாகப் பிரித்து, தூண்கள் வரும் இடத்தில் இணைப்பு அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்படலத்துக்குக் காரணம், சூப்பர் க்ளூவிலிருந்து எழும் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து பக்கத்துப் பரப்பில் படிவது. அளவுக்கு மீறிய பசையும் காற்றோட்டமின்மையும் அதை மோசமாக்கும். ஆகவே ரெயிலிங்குக்கு வெண்பசையையே (மரவேலைக்குப் பயன்படும் பி.வி.ஏ. பசை) நான் சிபாரிசு செய்வேன்: பளுவற்ற பாகத்துக்கு அதன் பிடிப்பு போதும், இடம் மாற்ற நேரம் கிடைக்கும், வழிந்ததை நனைத்த தூரிகையால் துடைக்கலாம். சூப்பர் க்ளூவைப் பாய்மரம், ரேடார் போன்ற தாங்கும் இடங்களுக்கு ஒதுக்கி, கெட்டியான வகையாக எடுத்து, ஊசிமுனையில் ஒரு துளி தொட்டு வையுங்கள். சூப்பர் க்ளூவை விரைவில் இறுகச் செய்யும் திரவத்தைத் தெளிக்க வேண்டாம். சில வேளைகளில் அதுவே பசையை வெளுக்கச் செய்துவிடும்.

வரிசையைப் பொறுத்தவரை, மேற்கட்டுமானத்தைத் தளத்தில் நிலையாக ஒட்டும் முன்னரே அதன் உள்தளங்களின் ரெயிலிங்கை முடித்துவிடுங்கள். பின்னர் விரல் நுழையாது. சிறு படகுகளும் கோபுரங்களும் தனித்தனியே வண்ணம் பெற்று இறுதியில் வரட்டும். தளத்தின் விளிம்பு ரெயிலிங், கையில் பிடிக்கும் வேலை அனைத்தும் முடிந்த பிறகே வர வேண்டும். மேட் (பளபளப்பற்ற) வார்னிஷை நூல்கள் கட்டுவதற்கு முன்பே அடியுங்கள், கட்டிய பின் அடித்தால் இழைகளில் சிறு துளிகள் கோத்துக்கொள்ளும். நூல் ஒட்டிய இடங்களில் மட்டும் பசைப் பளபளப்பு தெரிந்தால், மெல்லிய தூரிகையால் அதே வார்னிஷைத் தொட்டுவைத்தால் அது மறைந்துவிடும்.