கையில் பணம் இருக்கிறது, பிறகு ஏன் பற்றாக்குறை?

தனியார் கம்பெனிக் கணக்கிலிருந்து கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பட்ஜெட் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். டிசம்பரில் மாவட்டத்தை நிர்வகிக்கும் போர்டுக்கு முதல் இடைக்கால அறிக்கையை, அதாவது ஆண்டின் நடுவே தரும் நிதி நிலை அறிக்கையை, விளக்க வேண்டும், கையிருப்பில் பணம் இருந்தும் பற்றாக்குறை என்கிறார்களே என்பதுதானே குழப்பம்?

லாப நஷ்டக் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இங்கே முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் பணம் எதற்குக் கட்டுப்பட்டது, அதாவது எந்தச் செலவுக்கு மட்டும் என்று வந்தது என்பது. உங்கள் அறிக்கையில் 8980 என்ற வரியைத் தேடுங்கள். சிறப்புக் கல்விக்கு வரும் நிதி போதாமல் பொதுப் பணத்திலிருந்து எவ்வளவு போகிறது என்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். போர்டில் கேள்வி வருவதும் அங்கேதான்.

அப்புறம் வருமானம். 2013-14 முதல் உள்ள நிதி முறையில் சேர்க்கைக்கு அல்ல, வருகைக்குத்தான் பணம். 10,000 பேர் சேர்ந்து சராசரியாக 9,300 பேர் வந்தால், பொதுவாக 9,300 பேருக்குத்தான் கணக்கு. ஆகவே வருகைப் பதிவு பார்க்கும் ஊழியரோடு ஒரு நாள் உட்காருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அது உதவும் என்பேன்.

இந்த ஆண்டோடு அடுத்த இரண்டு ஆண்டு கணிப்பையும் காட்ட வேண்டும். ஒருமுறை வந்த மானியத்தில் நிரந்தரச் சம்பளம் ஓடுகிறதா என்று அதில்தான் பிடிபடும். சரி, இந்த அறிக்கைக்குக் கெடு டிசம்பர் 15. உங்கள் அறிக்கையைச் சரிபார்க்கும் கவுண்டி கல்வி அலுவலகத்தில் உங்கள் மாவட்டத்தைப் பார்ப்பவரிடம் நவம்பரிலேயே பேசிவிடுங்கள்.