தெருவில் ரேஸ், மேலே மழை: கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிடறேன். நான் ஓட்டுநரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. கொஞ்ச காலம் கார்ட் (குட்டி ரேஸ் வண்டி) ஓட்டியிருக்கேன். மொனாக்கோ ஊர்த் தெருவுல நடக்கிற ஃபார்முலா 1 (எஃப்1) கார் ரேஸ்ல, மழை பெஞ்ச ரேஸ்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கேன், அவ்வளவுதான். வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துட்டேன்.

கேள்வி: நான் இந்த வருஷம்தான் எஃப்1 பார்க்க ஆரம்பிச்சேன். சில்வர்ஸ்டோன்ல மழை பெஞ்சா "சுவாரசியம்"ங்கறாங்க, மொனாக்கோல பெஞ்சா எல்லாரும் பதறறாங்க. ஏன் சார்?

சில்வர்ஸ்டோன்ல வழுக்கினா புல், ஜல்லி, அகலமான தார்த்தளம்னு கார் நிதானிக்க இடம் இருக்கு. மொனாக்கோல வழுக்கினா அடுத்தது இரும்புத் தடுப்புதான். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் தரையில இருக்கு.

அது ரேஸுக்குன்னு போட்ட தரை இல்லை. மற்ற நாட்கள்ல பஸ் போற ரோடு. அதனால வெள்ளைக் கோடு, அம்புக்குறி, பாதசாரி கடக்கிற பட்டை எல்லாம் அங்கேயே இருக்கும். பெயின்ட் மேல தண்ணி பட்டா சோப்பு மாதிரி. 2016ல ஜோலியன் பாமர் மூலையில கூட மோதலை. நேர் சாலையில, பட்டைக்கோடு மேல ஆக்ஸிலரேட்டரை மிதிச்சார், பின்சக்கரம் சுழன்றது, சுவர்ல போய் நின்னார். ஆபத்து நேரத்துல எல்லாரையும் மெதுவா நடத்திட்டுப் போற சேஃப்டி கார் உள்ளே போன கையோட நடந்தது அது. 1984ல நைஜல் மான்செல் முதலிடத்துல இருந்தப்ப மேட்டுல ஏறும்போது மோதினார். அவரும் வெள்ளைக் கோட்டைத்தான் குறை சொன்னார். அப்ப நிறைய பேர் சிரிச்சாங்க. பாமரைப் பார்த்தப்புறம் எனக்குச் சிரிக்கத் தோணலை.

இன்னொண்ணு. காய்ஞ்ச நாள்ல எல்லாரும் போற ரேஸிங் லைன்ல ரப்பர் படிஞ்சு பளபளன்னு இருக்கும். நனைஞ்சா அதுதான் ரொம்ப வழுக்கும். சாதாரண டிராக்ல அந்தப் பாதையை விட்டு வெளிப்பக்கமா, ரப்பர் படியாத சொரசொரப்புல வண்டியைத் திருப்பலாம். கார்ட் ஓட்டினவங்களுக்கு இது முதல் பாடம். தெருச் சுற்றுல வெளிப்பக்கம் எங்க இருக்கு? ரோட்டுத் தண்ணி ஓரத்துக்கு வடியும், ஓரத்துல தடுப்பு. வழுக்கற பாதையை விட்டா குட்டை, குட்டையை விட்டா சுவர்.

கேள்வி: இன்டர், ஃபுல் வெட் வித்தியாசம் ஒரு வரியில சொல்லுங்க.

பச்சைக் கோடு போட்ட டயர் இன்டர், லேசான ஈரத்துக்கு; நீலக் கோடு போட்டது ஃபுல் வெட், கனமழைக்கு. டயர் செய்யற பிரெல்லி கணக்குப்படி மணிக்கு 300 கிமீ வேகத்துல ஒரு இன்டர் டயர் விநாடிக்கு 30 லிட்டர் தண்ணியைத் தள்ளும், ஃபுல் வெட் 85 லிட்டர். தள்ளின தண்ணி பின்னாடி வர்றவர் முகத்துலதான் அடிக்கும். அதனால ஃபுல் வெட் தேவைப்படுற அளவு மழை பெஞ்சா பல சமயம் எதிரே என்ன இருக்குன்னே தெரியாம ரேஸை நிறுத்த வேண்டி வருது. பாதி நேரம் அந்த நீல டயர் சேஃப்டி கார் பின்னாடி ஊர்வலம் போகத்தான் பயன்படுது. ரெண்டு வரி ஆயிடுச்சு, மன்னிக்கணும்.

கேள்வி: டயர் எப்ப மாத்தணும்னு டீம் எப்படி முடிவு பண்றாங்க? எனக்கு லாட்டரி மாதிரி தெரியுது.

முழு லாட்டரி இல்லைங்க. எனக்குப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

எல்லாரும் மழைன்னா ஓட்டுநரோட திறமைக்குச் சோதனைம்பாங்க. பாதிதான் சரி. முந்த இடமே இல்லாத தெருவுல மழை சோதிக்கிறது பிட் (டயர் மாத்தற இடம்) ஓரத்துச் சுவர்ல ஹெட்செட் மாட்டிட்டு உக்கார்ந்து முடிவெடுக்கிறவரைத்தான். டிராக் காயும்போது ஒரு கட்டத்துல இன்டரும் ஸ்லிக்கும் (காய்ஞ்ச ரோட்டுக்கான வழவழ டயர்) ஒரே வேகம் கொடுக்கும். அந்தக் கோட்டைத் தாண்டின பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் பல விநாடி வித்தியாசம். ஒரு சுற்று முந்திப் போட்டா சுவர், ஒரு சுற்று பிந்திப் போட்டா நாலு இடம் காலி.

அந்தக் கோடு எங்கன்னு கண்டுபிடிக்க முதல் வழி வெள்ளோட்டம். பின்வரிசையில இழக்க ஒண்ணும் இல்லாத யாராவது முதல்ல ஸ்லிக் போடுவார். முன்வரிசை டீம் எல்லாம் அவரோட செக்டர் (சுற்றுல மூணுல ஒரு பாகம்) நேரத்தையே பார்த்துட்டு இருக்கும். 2022 சிங்கப்பூர்ல பிட் லேன்ல இருந்து கிளம்பின ஜார்ஜ் ரஸ்ஸல் அப்படித்தான் சீக்கிரமே ஸ்லிக்குக்குப் போனார். பனிக்கட்டி மேல நடக்கிற மாதிரி தள்ளாடினார். அதைப் பார்த்து மத்தவங்க இன்டர்லயே காத்திருந்தாங்க. ராத்திரி ரேஸ், வெயில் கிடையாது, காத்துல ஈரம் வேற. அங்க டிராக் காயறதுக்குள்ள நமக்குப் பொறுமை காய்ஞ்சிடும்.

ரெண்டாவது வழி ஓட்டுநரோட வாய். "மூணாவது செக்டர் காய்ஞ்சிருக்கு, முதல் செக்டர் ஈரம்"னு அவர் சொல்றதை நம்பணும். 2016 மொனாக்கோல ஹாமில்டன் அதைத் தாண்டி ஒரு காரியம் செஞ்சார். மத்தவங்க ஃபுல் வெட்ல இருந்து இன்டருக்கு மாறினப்ப அவர் தேய்ஞ்ச ஃபுல் வெட்லயே ஓட்டி, இன்டரையே தொடாம நேரா ஸ்லிக்குக்குப் போனார். ஒரு பிட் நிறுத்தம் மிச்சம். பின்னாடி வந்தவங்க முந்த முடியாத ஊர்ங்கறதால அந்தப் பொறுமைக்கு மதிப்பு இருந்தது. போல்ல (வரிசையில முதல் இடம்) இருந்து கிளம்பின டேனியல் ரிக்கார்டோ ரெண்டு தடவை உள்ளே வந்தார். ரெண்டாவது தடவை வந்து நின்னா டயரே தயாரா இல்லை! மெக்கானிக்குகள் கராஜுக்குள்ள ஓடறாங்க, காரு ஜாக்கி மேல தொங்கற மாதிரி அப்படியே நிக்குது. வெளியே வந்தப்ப ஹாமில்டன் ஒரு கார் தூரம் முன்னாடி போயிட்டார். ரிக்கார்டோ மொனாக்கோ ஜெயிக்க 2018 வரைக்கும் ஆச்சு.

கேள்வி: அண்ணே, நான் ஃபெராரி ரசிகன். 2022 மொனாக்கோல எங்க லெக்லேரைக் கவுத்தது யாரு? நேரா சொல்லுங்க.

தம்பி, உங்க வீட்டு ஆளுங்கதான். லெக்லேர் போல்ல இருந்து முதல்ல போயிட்டு இருந்தார். ரெட் புல் பெரெஸை 16வது சுற்றுல இன்டருக்குக் கூப்பிட்டாங்க. ஃபெராரி லெக்லேரை ரெண்டு சுற்று கழிச்சுக் கூப்பிட்டாங்க. மொனாக்கோல ஈர ரோட்டுல ரெண்டு சுற்றுங்கறது ஒரு யுகம். பெரெஸ் முன்னாடி போயிட்டார். அது போதாதுன்னு மூணே சுற்றுல மறுபடி ஸ்லிக்குக்குக் கூப்பிட்டு, முன்னாடி அதே டீமோட சைன்ஸ் நிக்க, பின்னாடி இவரை வரிசையில நிக்க வெச்சாங்க. "உள்ளே வராதே"ன்னு ரேடியோ வந்தப்ப அவர் பிட் லேனுக்குள்ள நுழைஞ்சிருந்தார். முதலிடத்துல இருந்தவர் நாலாவதா முடிச்சார். அதுவும் அவர் பிறந்து வளர்ந்த ஊர்ல. பெரெஸ் ஜெயிச்சார்.

ஒரு விஷயம் நியாயமா சொல்லணும். சைன்ஸ் நேரா ஃபுல் வெட்ல இருந்து ஸ்லிக்குக்குத் தாவினது நல்ல முடிவு. ஒரே டீம், ஒரே மழை, ஒரு கார்ல சரி, இன்னொண்ணுல தப்பு.

கேள்வி: மொனாக்கோ சுரங்கப்பாதைக்குள்ள மழை இல்லையே, அங்க நிம்மதியா ஓட்டலாமா?

அதான் இல்லை. ஒவ்வொரு காரும் டயர்ல தண்ணியைச் சுமந்துட்டு உள்ளே போகும், அதனால உள்ளேயும் பாதி ஈரம், பாதி காய்ஞ்ச தரை. 1984ல இதுக்கு ஒரு கூத்து நடந்தது. வெளியே கொட்டுது, உள்ளே தரை காய்ஞ்சு எண்ணெய்ப் பிசுக்கோட இருக்கு. ஓட்டுநர் நிக்கி லௌடா சொல்ல, தீயணைப்பு வண்டியைக் கொண்டு வந்து சுரங்கத்துக்குள்ள தண்ணி பீய்ச்சினாங்க. ரேஸ் முக்கால் மணி நேரம் தள்ளிப்போச்சு.

உண்மையான ஆபத்து வெளியே வர்ற இடம். இருட்டுல இருந்து வெளிச்சம், காய்ஞ்ச தரையில இருந்து ஈரம், ரெண்டும் ஒரே நொடியில மாறும். இந்தச் சுற்றுல கார் அதிக வேகத்துல வந்து பலமா பிரேக் போட வேண்டியதும் அங்கதான். 2008ல ஃபோர்ஸ் இந்தியாவோட ஆட்ரியன் சுட்டில் நாலாவது இடத்துல வந்துட்டு இருந்தார். ரைக்கோனன் அந்த பிரேக் இடத்துல காரைக் கட்டுப்படுத்த முடியாம அவர் பின்னாடி இடிச்சார். சுட்டில் கராஜ்ல கண்ணீரோட உக்கார்ந்திருந்த காட்சி இன்னும் கண்ணுல நிக்குது. அதே ரேஸ்ல ஹாமில்டன் ஆரம்பத்துலயே தபாக் மூலையில தடுப்புல உரசி டயர் போய், அதனாலயே சீக்கிரம் பிட்டுக்கு வந்து, நிறைய பெட்ரோல் போட்டுக்கிட்டு, கடைசியில ஜெயிச்சார். ஒரே ஈரம், ஒருத்தருக்கு வரம்.

கேள்வி: 1984 மொனாக்கோல அயர்டன் சென்னாகிட்ட இருந்து வெற்றியைப் பறிச்சாங்கன்னு எங்க அப்பா இன்னும் கோபப்படறார். உண்மையா?

அப்பாவுக்கு என் வணக்கம். கோபத்துல பாதி நியாயம்.

ப்ரோஸ்ட் முதல்ல, டோல்மன் கார்ல புது ஆள் சென்னா ரெண்டாவது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி கரையுது. 31 சுற்று கணக்குல எடுத்து, செங்கொடி காட்டி ரேஸை நிறுத்தினார் ரேஸ் அதிகாரி ஜாக்கி இக்ஸ். அவர் போர்ஷேவுக்கு ஓட்டினவர், ப்ரோஸ்ட்டோட மெக்லாரன்ல இருந்தது போர்ஷே செஞ்ச இன்ஜின். சந்தேகம் அங்க கிளம்பினதுதான், இன்னும் அணையலை.

ஆனா அப்பாகிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. மூணாவதா வந்த ஸ்டெஃபான் பெலாஃப், டர்போ இல்லாத டைரெல்ல, சென்னாவையே நெருங்கிட்டு இருந்தார். ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பது யாரோ? (டைரெல் பிறகு அந்த சீசன்ல இருந்தே நீக்கப்பட்டது, அது வேற கதை.) அடுத்தது, பாதியில நின்னதால பாதிப் புள்ளிகள்தான். ப்ரோஸ்ட்டுக்கு 9க்குப் பதில் 4.5. வருஷக் கடைசியில லௌடா 72, ப்ரோஸ்ட் 71.5. முழு ரேஸ் ஓடி, சென்னாகிட்ட தோத்து ரெண்டாவதா வந்திருந்தாக்கூட 6 புள்ளி. ப்ரோஸ்ட் சாம்பியன் ஆகியிருப்பார். யாருக்கு உதவின்னு சொன்னாங்களோ அவரோட பட்டத்தையே அந்தச் செங்கொடி கொண்டுபோச்சு.

கேள்வி: இப்பவும் பாதியில நின்னா பாதிப் புள்ளிதானா?

இல்லை. 2021ல பெல்ஜியத்துல ஸ்பாவுல சேஃப்டி கார் பின்னாடியே சில சுற்று ஊர்ந்துட்டுப் பாதிப் புள்ளி கொடுத்த கூத்துக்கு அப்புறம் 2022ல மாத்திட்டாங்க. சேஃப்டி கார் இல்லாம குறைஞ்சது ரெண்டு சுற்று ஓடலைன்னா பூஜ்யம். 25 சதவீதத்துக்குள்ள நின்னா முதல் ஐந்து பேருக்கு மட்டும் 6, 4, 3, 2, 1. பாதி வரைக்கும் ஓடினா ஜெயிச்சவருக்கு 13, முக்கால் வரைக்கும் 19, அதுக்கு மேல முழு 25.

கேள்வி: இப்ப உள்ளவங்க பயந்தாங்கொள்ளிகள். தூறலுக்கே சேஃப்டி கார். பழைய ஆளுங்க கொட்டுற மழையிலயும் ஓட்டினாங்களே?

ஓட்டினாங்க, உண்மை. 1972ல மொனாக்கோல அடைமழையில பெல்டுவாஸ் பிஆர்எம் கார்ல ஜெயிச்சார். உலக சாம்பியன்ஷிப் ரேஸ்கள்ல அவருக்கு அது ஒரே வெற்றி, பிஆர்எம்முக்குக் கடைசி வெற்றி. அந்தக் காலத்து ரேஸ்ல எத்தனை பேர் வீடு திரும்பலைங்கறதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. 2014 சுசுகா மழையில ஜூல் பியான்கி மீட்பு வண்டியில மோதினார், மறு வருஷம் இறந்துட்டார். அதுக்கப்புறம் ரேஸ் அதிகாரி தயங்கினா நான் திட்டறதில்லை.

என் குறை வேற. நிறுத்தி வெச்சுட்டு, டிராக் தயாரான பிறகும் பத்து நிமிஷம் யோசிக்கிறாங்க. அதுக்குள்ள நல்ல ஈரம் காய்ஞ்சு போயிடுது.

பயம்னா என்னன்னு எனக்குக் கார்ட்லயே தெரிஞ்சது. மூச்சு விட்டா ஹெல்மெட் கண்ணாடி (வைசர்) உள்பக்கம் பனி படரும். ஒரு விரல் அளவு திறந்தா மழை கண்ணுல குத்தும். மூடினா முன்னாடி போற கார்ட்டோட சத்தத்தை வெச்சுத்தான் மூலை எங்கன்னு யூகிச்சேன். மணிக்கு அறுபது எழுபது கிமீல அது.

கேள்வி: 1996 மொனாக்கோல கூல்ட்ஹார்ட் ஷூமாக்கர் ஹெல்மெட்டைப் போட்டு ஓட்டினாராமே, நிஜமா?

நிஜம். அவரோட வைசர்ல பனி படர்ந்தது, கடன் வாங்கினார். இரவல் ஹெல்மெட் ரெண்டாவதா வந்தது. சொந்தக்காரர் முதல் சுற்றுலயே சுவர்ல இருந்தார்.

கேள்வி: அந்த 1996 ரேஸ்ல பானிஸ் ஜெயிச்சது வெறும் அதிர்ஷ்டம்தானே? எல்லாரும் உடைஞ்சு போனாங்க, இவர் மிஞ்சினார்.

இதுக்கு மட்டும் சண்டை போடுவேன். கொடி விழும்போது ஓடிக்கிட்டு இருந்தது பானிஸ், கூல்ட்ஹார்ட், ஹெர்பர்ட், மூணே கார். சரி. டேமன் ஹில் முன்னாடி போயிட்டு இருந்தப்ப சுரங்கத்துல இன்ஜின் போச்சு, பிறகு அலேசியும் சஸ்பென்ஷன் உடைஞ்சு நின்னார். அதுவும் சரி. ரெண்டு மணி நேர வரம்பு வந்து 78க்குப் பதில் 75 சுற்றுல முடிச்சாங்க, அதுவும் சரி.

ஆனா பானிஸ் கிளம்பினது 14வது இடத்துல இருந்து. ஹில்லும் அலேசியும் நின்னப்ப 14வதா இருந்த ஆள் எப்படி அவங்களுக்கு அடுத்து இருந்தார்? டிராக் காய ஆரம்பிச்சதும் அவரோட டீம் லிஜியே அவரைச் சரியான நேரத்துல ஸ்லிக்குக்குக் கூப்பிட்டது. மத்தவங்க ஈர டயரை வெச்சுட்டு யோசிச்ச சுற்றுகள்ல இவர் பறந்தார். அப்புறம் எடி எர்வைனோட ஃபெராரி முன்னாடி மறிச்சுட்டு நிக்குது. ஹேர்பின். நடக்கிற வேகத்துல கார் திரும்பற இடம், காய்ஞ்ச கோடு ஒரு கார் அகலம்தான். பானிஸ் ஈரப் பக்கமா மூக்கை உள்ளே விட்டார், சக்கரத்தோட சக்கரம் உரசினது, எர்வைன் தடுப்போரம் ஒதுங்கி நின்னார். லிஜியே போயே போச்சு.