ஆறு வாரம், எட்டு அணி: பள்ளி ஃபுட்பால் அட்டவணை பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஃபுட்பால் பற்றி (ஹெல்மெட் போட்டு ஆடுகிற ஃபுட்பால்தான்) வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: சீசன் சுருங்கினால் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடி ஒரு பட்டத்துக்குப் போட்டியிடும் பள்ளிகளின் குழு) ஆட்டங்களை எப்படி அடுக்குவது? பூஸ்டர் கிளப்பிலும் (அணிக்குப் பணம் திரட்டும் பெற்றோர் சங்கம்) பள்ளி விளையாட்டுக் குழுவிலும் இருக்கும் பெற்றோர் பலர் எழுதியிருக்கிறார்கள்.

2020ல் கோவிட் வந்தபோது எங்கள் மாநிலத்தில் 10 ஆட்டம் 6 ஆனது. பக்கத்து மாநிலங்களில் வேறு மாதிரி. ஏன் இப்படி?
– வாசகர், டப்ளின், ஒஹையோ

தேசிய அளவில் ஆட்ட விதிகளை எழுத ஒரு கூட்டமைப்பு உண்டு. சீசன் எப்போது, எத்தனை ஆட்டம் என்பதை அந்தந்த மாநிலச் சங்கம்தான் தீர்மானிக்கும். ஒஹையோ 6 ஆட்டத்தோடு வழக்கமான சீசனை முடித்து, அக்டோபர் தொடக்கத்திலேயே ப்ளேஆஃப் (மாநிலப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்று) வைத்தது. விரும்பிய பள்ளி எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. வெளியேறியவர்கள் மொத்தம் 10 ஆட்டம் வரை தாங்களே எதிரணி தேடி ஆடிக்கொள்ளலாம் என்றும் அனுமதித்தது. மிச்சிகன் ஆகஸ்டில் சீசனை வசந்தத்துக்குத் தள்ளி, செப்டம்பரில் மனம் மாறி 6 ஆட்டம் ஆடியது. இறுதிப் போட்டிகள் முடியும்போது 2021 ஜனவரி. டெக்சாஸ் பெரிய பள்ளிகளை மட்டும் ஒரு மாதம் தாமதமாகத் தொடங்கச் சொன்னது. இலினாய் 2021 மார்ச், ஏப்ரலில் ஆடியது, ப்ளேஆஃபே வைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லோருக்கும் ப்ளேஆஃப் கதவு திறந்திருந்தால் கான்ஃபரன்ஸ் வரிசை என்பது ஒரு கோப்பைக்கும் கௌரவத்துக்கும்தான். ப்ளேஆஃப் இல்லாத இலினாய் மாதிரி இடத்தில் கான்ஃபரன்ஸ் பட்டம் ஒன்றுதான் மிச்சம். அங்கேதான் அட்டவணையில் தலையை உடைத்துக்கொள்வது நியாயம்.

எங்கள் கான்ஃபரன்ஸில் 8 பள்ளிகள். கையில் இருப்பது 6 வெள்ளிக்கிழமை. எந்த முறை நல்லது?
– வாசகி, நேப்பர்வில், இலினாய்

8 அணிகள் எல்லோரோடும் ஒரு முறை மோத 7 வாரம், 28 ஆட்டம் வேண்டும். 6 வாரத்தில் 24தான் முடியும். நாலு ஆட்டத்தை விட்டே ஆக வேண்டும். எந்த நாலு என்பதுதான் கேள்வி.

முதல் வழி, முழுச் சுற்றை எழுதிவிட்டு ஒரு வாரத்தைக் கிழிப்பது. போன வருடத் தரவரிசைப்படி அணிகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். முதல் வாரம் 1-8, 2-7, 3-6, 4-5. பிறகு 1ஐ அசைக்காமல், கடைசியில் நிற்கும் எண்ணை 1க்குப் பக்கத்தில் கொண்டுவந்து மற்றவற்றை ஒரு இடம் தள்ளுங்கள். அடுத்த வாரம் 1-7, 8-6, 2-5, 3-4. அதற்கடுத்து 1-6, 7-5, 8-4, 2-3. இப்படியே ஏழு வாரமும் வந்துவிடும். கிழிக்க வேண்டியது அந்த முதல் வாரத்தை. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்குமான ஆட்டத்தை இழந்து யாரும் அழப்போவதில்லை. 4க்கும் 5க்கும்தான் வயிற்றெரிச்சல்; சமபலமான ஒரு நல்ல ஆட்டம் அவர்களுக்குப் போகிறது. அந்த வாரத்தில் பரம்பரை வைரிகளின் ஆட்டம் எதுவும் மாட்டிக்கொண்டால் மட்டும் எண்களை மாற்றிப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு 7ஆம் வாரத்தை வெட்டினால், ஒரு தோல்வியும் காணாத இரண்டு அணிகள் ஒன்றையொன்று சந்திக்காமலே சீசன் முடியலாம்.

இரண்டாவது, எனக்குப் பிடித்தது. 1, 4, 5, 8 ஒரு டிவிஷன். 2, 3, 6, 7 இன்னொன்று. முதல் 3 வாரம் டிவிஷனுக்குள். பிறகு ஒவ்வொரு டிவிஷனிலும் முதல் இரண்டு அணிகள் மேல் பிரிவு, அடுத்த இரண்டு கீழ்ப் பிரிவு. ஏற்கெனவே ஒரே டிவிஷனில் மோதியவர்களின் முடிவு அப்படியே கணக்கில் வந்துவிடும். ஆகவே மேல் பிரிவில் ஒவ்வொரு அணிக்கும் பாக்கி இரண்டே ஆட்டம். 4ஆம் வாரம் முதலிடம் முதலிடத்தோடு, இரண்டாமிடம் இரண்டாமிடத்தோடு. 5ஆம் வாரம் குறுக்கே, அதாவது முதலிடம் மற்ற டிவிஷனின் இரண்டாமிடத்தோடு. ஐந்தே வாரத்தில் மேல் நாலு அணியும் தங்களுக்குள் எல்லோரோடும் மோதி முடித்திருப்பார்கள். 6ஆம் வாரம் காலி. அது தள்ளிப்போன ஆட்டத்துக்கு. எதுவும் தள்ளிப்போகவில்லை என்றால் வெளியூர் பள்ளி ஒன்றைக் கூப்பிட்டு ஆடலாம்.

முதலிட ஆட்டத்தைக் கடைசியில் வைத்தால் டிக்கெட் விற்குமே என்று பலர் கேட்பார்கள். விற்கும். ஆனால் அந்த வாரம் ஆட்டம் நின்றால் பட்டத்தைக் கூட்டம் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். குறுகிய சீசனில், போனால் திரும்பாத ஆட்டம் முன்னால் வர வேண்டும். இந்த முறையின் பலவீனம் 3ஆம் வாரம்: அங்கே ஒரு ஆட்டம் ரத்தானால் மேலே யார், கீழே யார் என்பது தொங்கும். அதற்கான விதி முதல் வாரத்துக்கு முன்பே காகிதத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, 5 வாரம் ஆடிவிட்டு 6ஆம் வாரம் 1-2, 3-4 என்று வரிசைப்படி மோதவிடுவது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் 5 வாரத்தில் 28 ஜோடிகளில் 20 ஏற்கெனவே மோதியிருக்கும். மூன்று வாரத்துக்கு முன் ஜெயித்த அணியை மறுபடி ஜெயித்தால்தான் பட்டம் என்றால் எந்தக் கோச் ஒப்புக்கொள்வார்?

எங்களுக்கு 7 பள்ளிகள், 6 வாரம். ஆளுக்கு 6 ஆட்டம்தானே, சரியாக வருமே?
– வாசகர், ட்ராய், மிச்சிகன்

வராது. ஒற்றைப்படை அணிகள் என்றால் வாரம் ஒரு அணி சும்மா இருக்க வேண்டும். வாரத்துக்கு 3 ஆட்டம், மொத்தம் 21, ஆக 7 வாரம். 6 வாரத்தில் நிறுத்தினால் ஒரு அணி 6 ஆட்டமும் மற்ற ஆறு அணிகள் ஐந்தைந்தும் ஆடியிருக்கும். பக்கத்துக் கான்ஃபரன்ஸும் ஒற்றைப்படையாக இருந்தால், சும்மா இருக்கும் அணிகளை ஒன்றோடொன்று மோதவிடுங்கள். கான்ஃபரன்ஸ் வரிசையில் அது சேராது, பிள்ளைகளுக்கு ஆட்டம் கிடைக்கும்.

ஒரு அணி 5-1 (5 வெற்றி, 1 தோல்வி), இன்னொன்று 4-0. யார் சாம்பியன்?
– வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

வெற்றி விகிதம் பார்த்தால் 4-0. அதனால்தான் குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கை வேண்டும். அது இல்லாவிட்டால் 3-0ல் இருக்கும் அணிக்கு, பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கின் தோள் வலிக்கும் வாரத்தில், ஆடாமலிருக்க நல்ல காரணங்கள் தோன்றத் தொடங்கும். 6 வாரத்துக்கு 4 ஆட்டம் என்பது நியாயமான கோடு. அதை நடுவில் நகர்த்தக் கூடாது. கல்லூரி ஃபுட்பாலில் 2020ல் பிக் டென் கான்ஃபரன்ஸ், இறுதிப் போட்டிக்கு வர 6 ஆட்டம் வேண்டும் என்று வைத்திருந்தது. ஒஹையோ ஸ்டேட் அணிக்கு 5தான் தேறியது. டிசம்பரில் விதியைத் தளர்த்தி அந்த அணியை உள்ளே விட்டார்கள். அது நார்த்வெஸ்டர்னை 22-10 என்று ஜெயித்தது. விதி மாறாதிருந்தால் அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டிய இண்டியானா, ஒஹையோ ஸ்டேட்டிடம் 35-42 என்று நேரடியாகத் தோற்றிருந்ததால், பெரிய அநியாயம் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டும் மோதாமலே இருந்திருந்தால் கதை வேறு.

ரத்தான ஆட்டத்தையும் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். சுகாதாரத் துறை உத்தரவு, மின்னல், காற்றுத் தரம் என்றால் ஆட்டமே நடக்கவில்லை, யார் கணக்கிலும் சேராது. ஆட மறுத்தால் அது தோல்வி. உயர்நிலைப்பள்ளி விதிப்படி ஸ்கோர் 1-0.

மூன்று அணிகள் சமமாக வந்தால்?
– வாசகி, பிளேனோ, டெக்சாஸ்

உங்கள் மாநிலத்தில் இதற்குப் பெரிய வரலாறே உண்டு. 1988ல் மேற்கு டெக்சாஸில் பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் ஹை மூன்றும் சமமாக நின்றபோது நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். மிட்லண்ட் ஹை வீட்டுக்குப் போனது.

நாணயத்துக்கு முன்னால் ஒரு படி வையுங்கள்: மூன்று அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம், ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் 14. அந்த உச்சவரம்பு ஏன் என்று பாருங்கள். அ அணி ஆ அணியை 35 புள்ளியில் வென்றது, ஆ அணி இ அணியை 10ல், இ அணி அ அணியை 20ல். வரம்பில்லாமல் கூட்டினால் அ +15, இ +10, ஆ -25. அ முதலிடம், அதாவது ஓய்ந்துபோன எதிரணி மேல் நாலாவது குவார்ட்டரிலும் டச்டவுன் குவித்ததற்குப் பரிசு. வரம்பு வைத்தால் இ +4, அ 0, ஆ -4. இ முதலிடம். முதலிடம் முடிவானதும் மிச்ச இருவருக்கு நேரடி ஆட்டத்தைப் பார்ப்பதா, அதே கூட்டலைத் தொடர்வதா என்பதையும் எழுதிவிடுங்கள். சண்டை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வரும்.

தவறிய ஆட்டத்தைச் செவ்வாய்க்கிழமை ஆடி, வெள்ளிக்கிழமை அடுத்ததை ஆடினால் என்ன?
– வாசகர், ஃப்ரிமாண்ட், கலிஃபோர்னியா

கூடாது. மோதல் ஆட்டம் இது, வாரத்துக்கு ஒன்றே போதும். மூளையதிர்ச்சி ஏற்பட்ட பையன், அறிகுறி எல்லாம் நின்ற பிறகும் படிப்படியாகத்தான் திரும்ப முடியும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நெருக்கி ஆடினால் ஒரே அடியில் அவன் மூன்று ஆட்டம் இழப்பான்.

தொடக்கப் பயிற்சியையும் சுருக்க முடியாது. வெப்பத்துக்கு உடல் பழக 14 நாள்: முதல் 2 நாள் ஹெல்மெட் மட்டும், 3 முதல் 5 வரை ஹெல்மெட்டும் தோள் பேடும், 6ஆம் நாளிலிருந்துதான் முழுக் கவசம். உங்கள் பகுதியில் காட்டுத்தீப் புகையும் உண்டு. 2018 நவம்பரில் கேம்ப் ஃபயர் புகையால் வட கலிஃபோர்னியாவில் ப்ளேஆஃப் ஆட்டங்களே தள்ளிப்போயின. காலி வாரம் ஒன்று வைக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

சொந்த மைதானத்தில் எல்லோருக்கும் சமமாக 3 ஆட்டம் கொடுக்க முடியுமா?
– வாசகர், டப்ளின், ஒஹையோ

8 அணி, ஆளுக்கு 6 ஆட்டம் என்றால் நிச்சயம் முடியும். அணிகளைப் புள்ளிகளாகவும் ஆட்டங்களைக் கோடுகளாகவும் வரையுங்கள். பேனாவை எடுக்காமல், ஒரு கோட்டில் ஒரு முறைதான் என்று எல்லாக் கோட்டிலும் போய், தொடங்கிய புள்ளிக்கே வாருங்கள். பேனா எந்த அணியிலிருந்து கிளம்புகிறதோ அது பயணம் போகும். எங்கே சேர்கிறதோ அதன் மைதானம். ஒவ்வொரு அணிக்கும் 3-3 தானாக விழும். தொடர்ந்து மூன்று வாரம் பஸ் ஏறும்படி யாருக்காவது வந்தால், ஒரே சுழற்சியாகப் போகும் முக்கோணம் ஒன்றைப் பார்த்து மூன்று அம்புகளையும் திருப்புங்கள். எண்ணிக்கை கெடாது.

ஹோம்கமிங்கை (பழைய மாணவர்களை வரவேற்கும் விழா ஆட்டம்) கடைசிச் சொந்த ஆட்டத்துக்கு வைக்காதீர்கள். சீனியர் நைட்டையும் (கடைசி வருட மாணவர்களைக் கௌரவிக்கும் இரவு) முதல் சொந்த ஆட்டத்திலேயே முடித்துவிடுங்கள். அக்டோபர் கடைசியில் யார் மைதானம் திறந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எதிரணி யார் என்று எத்தனை நாள் முன்னால் தெரிய வேண்டும்?
– வாசகி, நேப்பர்வில், இலினாய்

டிவிஷன் முறையில் 4ஆம் வார ஜோடிகள் சனிக்கிழமை இரவே வெளிவர வேண்டும். கோச்சுகள் ஹட்ல் என்ற வீடியோ தளத்தில் ஆட்ட வீடியோ மாற்றிக்கொள்ள வேண்டும், ஞாயிறு முழுக்க அதைப் பார்ப்பார்கள். நடுவர் குழுவுக்கு வழக்கமாக 5 பேர். அவர்களையும் பஸ்ஸையும் எல்லா வெள்ளிக்கும் முன்கூட்டியே பேசிவையுங்கள், ஊர் மட்டும் பிறகு. ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டம் ரத்தாகி இரண்டு அணிகள் தனித்து நின்றால், வியாழன் நண்பகலுக்குள் சேர்த்துவிடலாம். அதற்குப் பிறகு வேண்டாம். ஜூனியர் அணி ஆட்டங்களைப் பெரியவர்கள் ஜோடியையே பின்பற்றி வைப்பது வழக்கம். 4ஆம் வாரத்துக்குப் பிறகு அதை விட்டுவிட்டு, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சனிக்கிழமை காலை ஆடவிடுங்கள்.